உடைத்துப்போட்ட கைபேசி: இணையத்தில் பிள்ளைகளை வேட்டையாடுவோரும் நாம் அறியாத ஒரு சட்டமும்

"ரீச்சர், போனை அம்மியில வைச்சுக் குத்திப்போட்டன். சிம்மையும் அடுப்புக்குள்ள போட்டிட்டன். இனி அவன் எங்களை என்ன செய்யேலும்?"

வலிகாமத்தில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. பாடசாலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் பெற்றோர் சிலர் ஏதாவது சிக்கல் என்றால் என் வீட்டுப் படலையைத் தட்டுவார்கள். அப்படி வந்தவர்தான் இவரும். கணவர் கட்டாரில் வேலை. செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, ஓலைக் கொட்டிலில் தொடங்கி வீடு கட்டி முடித்தவர். மகளுக்குப் பதினான்கு வயது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியே இங்கே எழுதுகிறேன்.

மகளுக்குப் பேஸ்புக்கில் ஒரு "அக்கா" கிடைத்திருக்கிறார். கனடாவில் பிறந்த பதினேழு வயதுத் தமிழ்ப் பிள்ளை என்று அறிமுகம். அழகான படங்கள், அன்பான பேச்சு. சில வாரங்களில் உரையாடல் வட்ஸ்அப்புக்கு மாறியது. இடையிடையே ரீலோட்டும் வந்தது. அம்மா திட்டினாலும் சோதனையில் புள்ளி குறைந்தாலும் ஆறுதல் சொல்லும் ஒரே ஆள் அந்த "அக்கா" என்றாகிவிட்டது. பிறகு உடுப்புப் பற்றிய பேச்சு, உடம்பு பற்றிய பேச்சு, ஒரு படம். படம் போன மறுநாள் "அக்கா" ஆணாகிவிட்டார். வீடியோ அழைப்பில் சொன்னபடி செய்யாவிட்டால் அந்தப் படம் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்குப் போகும் என்றார்.

தாய்க்குத் தெரியவந்தபோது இது நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அவர் செய்த முதல் வேலை மகளுக்கு இரண்டு அடி. இரண்டாவது, கைபேசியை உடைத்தது. மூன்றாவது, பாடசாலையை நிறுத்தியது. நான்காவதாகத்தான், உறவினர் ஒருவரின் வற்புறுத்தலில், பொலிஸ் நிலையம் போனார். அங்கே கேட்ட முதல் கேள்வி "சாட்சி எங்கே?" இரண்டாவது கேள்வி பிள்ளையைப் பார்த்து: "நீ ஏன் படம் அனுப்பினாய்?"

சாட்சி அம்மியில் தூளாகிக் கிடந்தது. இரண்டாவது கேள்விக்குப் பிறகு பிள்ளை வாய் திறக்கவில்லை.

இந்தத் தாயைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆபத்து வந்தால் தடயத்தை அழி, பிள்ளையை வீட்டுக்குள் ஒளி, யாருக்கும் சொல்லாதே என்பதுதான் போர் எங்களுக்குப் பழக்கிய பாடம். ஒரு சுற்றிவளைப்புக்கு முன் படங்களையும் கடிதங்களையும் எரித்தவர்கள் நாங்கள். ஆயுதம் ஏந்த அழைத்தவர்களிடம் இருந்தும், ஆயுதம் ஏந்தி வந்தவர்களிடம் இருந்தும் பிள்ளைகளை மறைத்து வைத்தவர்கள் நாங்கள். அன்று உயிரைக் காத்த அதே பழக்கம் இன்று குற்றவாளியைக் காக்கிறது. அதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. நான் பேசிய பெற்றோரில் ஒருவருக்குக்கூட அது தெரிந்திருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், முப்பது வருடம் படிப்பித்த எனக்கும் ஓய்வு பெறும்வரை தெரியாது.

இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்றது. அதன் தொடர்ச்சியாக 1995இல் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தண்டனைச் சட்டக்கோவைக்குள் பல புதிய பிரிவுகளைக் கொண்டுவந்தது. அதில் ஒன்று 286ஏ. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஆபாசப் படத்துக்குத் தூண்டுவது, வற்புறுத்துவது, அப்படியான படத்தை விற்பது, பரப்புவது, வைத்திருப்பது எல்லாம் குற்றம். இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத, பத்து ஆண்டுகளுக்கு மேற்படாத சிறை. அதே பிரிவில் இன்னொரு கடமையும் உண்டு. படச்சுருள் கழுவுபவர் அப்படியான படத்தைக் கண்டால் உடனே பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். சட்டம் அன்று ஸ்ரூடியோக்காரரின் இருட்டறையைத்தான் மனதில் வைத்திருந்தது.

அதே 1995இல் நாங்கள் எங்கே இருந்தோம்? மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம்போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்தோம். ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. கொழும்பில் பிள்ளைகளுக்காக ஒரு சட்டம் வந்த செய்தி அந்தச் சனத்திரளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும்?

2006இல் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. இதுதான் நம் கதைக்கு முக்கியமானது. அதில் வந்த 286பி, கணினிச் சேவை வழங்குபவர் தன் வசதி பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்துக்குப் பயன்படாதபடி நடவடிக்கை எடுக்க வேண்டும், தெரியவந்தால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்றது. ஸ்ரூடியோவில் இருந்து சட்டத்தின் பார்வை நெற் கபேக்கு நகர்ந்தது. ஆயுத மோதலுக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதைக் குற்றமாக்கிய 358ஏ பிரிவும் இதே சட்டத்தின் வழியே வந்ததுதான்.

இதே சட்டத்தில் வந்த இன்னொன்று 360ஈ. எந்த வழியிலாவது, இலங்கைக்குள் இருந்தோ வெளியே இருந்தோ, பாலியல் துர்நடத்தை நோக்கத்தோடு பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரை, அல்லது பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்று தான் நம்பும் ஒருவரை, நாடி அழைப்பது குற்றம். பத்து ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும்.

இந்த வசனத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். "எந்த வழியிலாவது" என்பதில் கடிதம் முதல் வட்ஸ்அப் வரை அடங்கும். "வெளியே இருந்தோ" என்பதால் வெளிநாட்டு இலக்கம் ஒரு தடையல்ல. "என்று தான் நம்பும்" என்பதால், பிள்ளை போல் பேசும் ஒரு பொலிஸ் அதிகாரியிடம் குற்றவாளி மாட்டினாலும் தப்ப முடியாது. தொடவோ நேரில் சந்திக்கவோ வேண்டியதில்லை. பிள்ளை "ஓம்" என்று சொன்னதா இல்லையா என்பதும் இங்கே கேள்வி இல்லை.

அந்த ஆண்டு ஓகஸ்டில் முகமாலை மூடப்பட்டது. ஏ9 பாதை அடைபட்டது. கப்பலுக்கும் சங்கக் கடை வரிசைக்கும் காத்திருந்த குடாநாட்டுக்கு இந்தச் சட்டமும் வந்து சேரவில்லை. போர் எங்களிடம் இருந்து எடுத்தவற்றின் பட்டியலில் இதையும் சேர்க்கலாம். நாடு சட்டம் படித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் நாங்கள் பங்கர் வெட்டிக்கொண்டிருந்தோம்.

சட்டத்தின் ஓட்டைகள்

360ஈ நல்ல பிரிவு. ஆனால் 2006இன் பிரிவு. அதன் குறைகள் நான்கு எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். மேலே சொன்ன கதையில் முதல் சில வாரங்கள் எல்லாம் அன்பான பேச்சு. ரீலோட் போடுவது குற்றமல்ல, "சாப்பிட்டாயா" என்று கேட்பதும் குற்றமல்ல. ஆனால் பொறி வைக்கப்பட்டது அந்த வாரங்களில்தான். இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம் முதலில் பிள்ளையைப் பழக்கி நேரில் சந்திக்கப் போவதைக் குற்றமாக்கியது. அது போதாதென்று கண்டு, பிள்ளையோடு பாலியல் பேச்சு நடத்துவதே குற்றம் என்ற புதிய பிரிவை 2017 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009 முதல் நடைமுறையில் உள்ள 67பி பிரிவு, பாலியல் நோக்கில் பிள்ளையை இணைய உறவுக்கு இழுப்பதையே பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது. கனடாவில் 2002 முதல் இணையவழித் தூண்டல் தனிக் குற்றம். அமெரிக்காவில் மத்திய சட்டத்துக்கு மேலாக மாநிலங்களும் தனித்தனியே சட்டம் வைத்திருக்கின்றன. எங்கள் சட்டமோ அந்தப் "பழக்கும் காலத்தை" வெறும் சாட்சியமாகத்தான் பார்க்க முடியும்.

இரண்டாவது, படத்தைக் காட்டி மிரட்டுவதற்கென்று தனிப் பிரிவு இல்லை. கப்பம் பெறல், குற்றவியல் மிரட்டல், 345ஆம் பிரிவின் பாலியல் தொந்தரவு, 286ஏ என்று பல பிரிவுகளைச் சேர்த்துத்தான் வழக்குக் கட்ட வேண்டும். திறமையும் அக்கறையும் உள்ள அதிகாரி கட்டுவார். மற்றவர் பிள்ளையிடம் "ஏன் அனுப்பினாய்" என்று கேட்பார்.

மூன்றாவது, வயது. உடலுறவுக்கான சம்மத வயது பதினாறு. திருமண வயது பதினெட்டு. படத்துக்கும் இணையத் தூண்டலுக்கும் பிள்ளை என்றால் பதினெட்டு வரை. பதினேழு வயதுப் பிள்ளை தன் படத்தைத் தானே எடுத்து அனுப்பினால், "வைத்திருத்தல்" என்ற சொல்லுக்குள் அந்தப் பிள்ளையே அகப்படுமா என்ற பயம் எழுகிறது. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு விலக்கு என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்தப் பயத்தை மிரட்டுபவன் நன்றாகவே பயன்படுத்துகிறான்: "பொலிசுக்குப் போனால் நீயும் உள்ளேதான்."

நான்காவது, ஆண் பிள்ளைகள். இவர்களைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. விளையாட்டுச் செயலிகளின் அரட்டையில் பழகி மிரட்டப்படும் பொடியன்களும் உண்டு. தண்டனைச் சட்டக்கோவையின் வன்புணர்வு வரைவிலக்கணம் பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் காண்கிறது. ஆண் பிள்ளைக்கு 365பி என்ற கடும் பாலியல் துர்நடத்தைப் பிரிவு உண்டுதான். ஆனால் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஓர் ஆணால் ஏமாற்றப்பட்ட பதினாறு வயதுப் பொடியன், தானும் குற்றவாளி ஆவேனோ என்று அஞ்சி வாயை மூடிக்கொள்கிறான். குடும்ப மானம், சிரிப்பு, சட்டம் என்று மூன்று பூட்டு அவன் வாய்க்கு.

பொலிஸ் நிலையப் படி

சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பொலிஸ் நிலையத்தின் ஊடாகத்தான் வருகிறது. இங்கேதான் எங்கள் வரலாறு குறுக்கே நிற்கிறது.

பிள்ளையைத் தேடி இராணுவ முகாமுக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அலைந்த தாய்மாரின் ஊர் இது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017இல் வீதியில் தொடங்கிய போராட்டத்துக்கு இன்னும் பதில் இல்லை. அதே சீருடையிடம், அதே மேசையில், மகளின் மானம் பற்றிய விடயத்தை எப்படிச் சொல்வது? வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொல்கிறது. தமிழில் முறைப்பாடு கொடுப்பது எங்கள் உரிமை, எவரது தயவும் அல்ல. ஆனால் அரைகுறைத் தமிழில் கேள்வி கேட்டுச் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்துக்குக் கையெழுத்து வைத்த அனுபவம் இங்கே எத்தனையோ பேருக்கு உண்டு.

அதற்கு மேல் காலம். முறைப்பாடு, நீதவான் நீதிமன்றில் அறிக்கை, சட்டமா அதிபர் திணைக்களத்தின் ஆலோசனை, மேல் நீதிமன்றில் குற்றப்பத்திரம் என்று படி ஏறுவதற்குள் பதினான்கு வயதுப் பிள்ளை வளர்ந்து கலியாணம் முடித்துவிடும். 2015 மே மாதம் புங்குடுதீவில் மாணவி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில், விசேட தீர்ப்பாயம் அமைத்து 2017 செப்டெம்பர் 27இல் யாழ்ப்பாணத்தில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஊர் கொதித்தெழுந்ததால் அந்த வேகம் வந்தது. கைபேசிக்குள் நடக்கும் குற்றத்துக்கு ஊர் எழுவதில்லை, ஏனெனில் ஊருக்குத் தெரிவதில்லை.

இணையம் வழியாக நடப்பது வெறும் படத்தோடு முடிவதில்லை என்பதற்கு 2021இல் கல்கிசைச் சம்பவம் சாட்சி. பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று இணையத்தளங்களில் விளம்பரம் செய்து விற்கப்பட்டது. கைதான முப்பதுக்கும் மேற்பட்டோரில் உள்ளூராட்சி அரசியல்வாதி, கடற்படை மருத்துவர், மாலைதீவின் முன்னாள் இராஜாங்க அமைச்சர் எனப் பலர் இருந்தார்கள். ஆகவே இது படிக்காதவன், வேலையற்றவன் செய்யும் குற்றம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும்.

நிகழ்நிலைக் காப்புச் சட்டம் யாரைக் காக்கிறது?

2024 ஜனவரி 24இல் நாடாளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 62க்கு எதிராக 108 வாக்குகளால் நிறைவேற்றியது. பெண்களையும் சிறுவர்களையும் காக்கவே இந்தச் சட்டம் என்று சொன்னார்கள். ஆனால் அதன் பெரும்பகுதி "பொய்யான கூற்று" பற்றியது. எது பொய் என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஒரு ஆணைக்குழுவுக்கு. முள்ளிவாய்க்காலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எழுதினால் அது பொய்யா, மெய்யா? நினைவேந்தல் பதிவுகளுக்காகவும் நிகழ்வுகளுக்காகவும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவர்களைப் பார்த்த சமூகம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது. 2024இல் ஆட்சி மாறிய பிறகு இச்சட்டத்தைத் திருத்துவோம் என்றார்கள்.

எனக்கு இதில் கோபம் வருவது இரண்டு மடங்கு. எங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பேச்சுரிமைக்கு வேலி போடுகிறார்கள் என்பது ஒன்று. அந்தக் கோபத்தில் நாங்கள் பிள்ளைப் பாதுகாப்பையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறோம் என்பது மற்றது. "இணையச் சட்டம்" என்றாலே அரசின் கண்காணிப்பு என்று முகம் சுளிக்கிறோம். பிள்ளைகளைக் காக்கும் அடிப்படைச் சட்டம் 2024இல் பிறந்ததல்ல, அது 1995இலும் 2006இலும் வந்துவிட்டது. அதற்குத் தேவை மேற்சொன்ன நான்கு திருத்தங்களும், பயிற்சி பெற்ற தமிழ் பேசும் பெண் அதிகாரிகளும்தான். இதைக் கேட்பதற்கு நாம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை ஆதரிக்க வேண்டியதில்லை.

கடல் தாண்டிய இலக்கம்

எங்கள் பிள்ளைகளிடம் கனடா இலக்கத்துக்கும் லண்டன் இலக்கத்துக்கும் தனி மரியாதை உண்டு. பாதி உறவு வெளிநாட்டில். வெளிநாட்டில் இருந்து வருவது காசும் சொக்லேட்டும் அன்பும் என்றே பழகிவிட்டோம். பொறி வைப்பவனுக்கு இது தெரியும். அவன் உண்மையில் கனடாவில் இருக்க வேண்டியதுமில்லை. அடுத்த ஊரில் இருந்துகொண்டு கனடா என்று சொன்னாலே போதும். ரீலோட் கடைக் கொப்பியில் எழுதிவிட்டு வரும் இலக்கம் எங்கே போகிறது என்று எந்தப் பெற்றோரும் யோசிப்பதில்லை.

உண்மையிலேயே வெளிநாட்டில் இருந்தாலும் கை எட்டாது என்றில்லை. கனடாவில் அமண்டா டொட் என்ற பதினைந்து வயதுப் பிள்ளை இணைய மிரட்டல் தாங்காமல் 2012 ஒக்டோபரில் உயிரை மாய்த்துக்கொண்டது. மிரட்டியவர் நெதர்லாந்தில் இருந்தவர். பத்து ஆண்டுகள் கழித்து, 2022இல், கனடிய நீதிமன்றம் அவருக்குப் பதின்மூன்று ஆண்டுச் சிறை விதித்தது. பிந்தினாலும் வந்தது. சைபர் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் சமவாயத்தில் 2015இல் தெற்காசியாவில் முதலாவதாக இணைந்த நாடு இலங்கை. வெளிநாட்டுச் சாட்சியங்களைக் கேட்டுப் பெறும் வழி அதனால் திறந்திருக்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இத்தகைய படங்களைக் கண்டால் அந்நாட்டின் காணாமற்போன சிறுவர் மையத்துக்கு அறிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவை. அந்த மையம் தகவலை உரிய நாட்டுக்கு அனுப்புகிறது. தடயம் எங்கள் பக்கத்திலும் உயிரோடு இருந்தால்தான் இந்தச் சங்கிலி முழுமையாகும்.

வீட்டில் செய்ய வேண்டியது

கைபேசியை உடைக்காதீர்கள். உரையாடலை அழிக்காதீர்கள். இலக்கம், கணக்கின் பெயர், திகதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஆனால் பிள்ளையின் படத்தை உறவினருக்கோ ஆசிரியருக்கோ "சாட்சிக்காக" அனுப்பாதீர்கள், அது இன்னொரு பரப்புதல் ஆகிவிடும். மிரட்டுபவனுக்குக் காசும் கொடுக்க வேண்டாம், இன்னொரு படமும் வேண்டாம். கொடுத்தால் நிற்காது, கூடும்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படியும் வாசித்துக் காட்டும்படியும் கேளுங்கள். பொலிசுக்குத் தனியே போகப் பயமென்றால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ, ஒரு சட்டத்தரணியையோ கூட்டிச் செல்லுங்கள். பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் 2015இல் வந்து, 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. மரியாதையாக நடத்தப்படுவது அதன்படி உங்கள் உரிமை. படம் பரவும் என்ற பயம் இருந்தால், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்காக "டேக் இட் டவுன்" என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் ஏற்றாமலே, அதன் எண் அடையாளத்தை மட்டும் எடுத்து, இணைந்துள்ள தளங்களில் அதைத் தடுக்க முயலும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. பிள்ளை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அடி விழும், பள்ளிக்கூடம் நிற்கும், கைபேசி போகும் என்று தெரிந்த பிள்ளை சொல்லாது. மிரட்டுபவன் விற்பது அந்தப் பயத்தைத்தான்.

அந்தப் பிள்ளை இப்போது மீண்டும் பாடசாலை போகிறது. மூன்று நாள் பேசி, தாய் சம்மதித்தார். குற்றவாளி யார் என்று இன்னும் தெரியாது. உடைந்த கைபேசியில் இருந்து எதையும் மீட்க முடியவில்லை. அவன் இன்றும் வேறொரு பிள்ளைக்கு "அக்கா"வாக இருக்கலாம்.

360ஈ பற்றி விளங்கப்படுத்தியபோது தாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "இவ்வளவு காலமா இருக்கிற சட்டமெண்டா, எங்களுக்கு ஏன் ரீச்சர் ஒருத்தரும் சொல்லேல்ல?"

என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதினேன். வாசித்தவர்கள் இன்னும் ஒரு தாய்க்குச் சொல்லுங்கள்.